மெனு தெரிந்தவர்களும் வேலை தெரிந்தவர்களும்

தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா ஊருக்குப் போனாலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. பலகையில் எம்.எஸ். ஆபீஸ், டாலி, டி.டி.பி. என்று எழுதியிருக்கும். பி.காம். சி.ஏ. பிரிவு இல்லாத கலை அறிவியல் கல்லூரி இன்று அரிது. அரசுத் துறையில் தட்டச்சர் பணிக்குத் தட்டச்சுத் தேர்ச்சியோடு, தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கணினிச் சான்றிதழும் தேவை.

இத்தனை இடங்களில் கற்பிக்கப்படும் பாடத்தின் உள்ளடக்கம் என்ன என்று நாம் போதுமான அளவு கேட்டதில்லை. ஒரு நிறுவனம் தகவலைத் திரட்டி, சரிபார்த்து, அதை வைத்து முடிவெடுக்கும் விதமா பாடம்? இல்லை, எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை இருக்கிறது என்பதா? பெரும்பாலான இடங்களில் இரண்டாவதுதான் நடக்கிறது. அப்படிக் கற்றவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே திணறுகிறார். விற்ற சரக்கில் பாதி திரும்பி வந்தால் பழைய பில்லை அழிப்பதா, கிரெடிட் நோட் போடுவதா? வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம் விற்பனையில் சேருமா? சாயம் போட அனுப்பிய துணி இருப்பில் நிற்குமா, கழியுமா? எஃப்8 அழுத்தினால் விற்பனைத் திரை வரும் என்று அவருக்குத் தெரியும். இந்தக் கேள்விகள் எதற்கும் அந்த விசையில் விடை இல்லை.

வணிகத்துக்குள் கணினி வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் வெற்றிகளும் தோல்விகளும் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. தங்கள் வேலையைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தவர்களுக்கே கணினி கைகொடுத்தது. புரியாத இடத்தில் அது குழப்பத்தை வேகப்படுத்தியது. ஆகவே கல்வியும் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் முடிவு.

உலகில் அன்றாட வணிக வேலைக்கு முதலில் ஓடிய கணினி ஒரு தேநீர்க் கடை நிறுவனத்துக்குச் சொந்தமானது. லண்டனின் ஜே. லயன்ஸ் நிறுவனம் கேக்கும் ரொட்டியும் தேநீரும் விற்றது. கணிதமோ இராணுவமோ அதன் தொழில் இல்லை. 1947இல் அதன் மேலாளர்கள் இருவர் அமெரிக்காவுக்குப் போய் அங்கே உருவாகிவந்த கணினிகளைப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் நிறுவனம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி முயற்சிக்குப் பணஉதவி செய்தது. அதைப் பின்பற்றி 'லியோ' என்ற தன் சொந்தக் கணினியையும் கட்டியது. 1951 நவம்பரில் ரொட்டித் தொழிற்கூடத்தின் மதிப்பீட்டுக் கணக்கை லியோ போடத் தொடங்கியது.

லியோவைச் சாத்தியமாக்கியது அதற்கு முன்னால் நடந்த வேலை. 1930களிலேயே லயன்ஸ் தன் அலுவலக நடைமுறைகளை ஆராய்வதற்கென்று ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது. எந்தச் சீட்டு எங்கிருந்து எங்கே போகிறது, யார் அதைப் பார்த்து என்ன செய்கிறார், அந்தச் சீட்டே தேவைதானா என்று கேட்பதுதான் அந்தப் பிரிவின் பணி. கணினி வந்தபோது அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தேநீர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை அவர்கள் கணினிக்கு மாற்றிய விதம் இன்றைக்கும் வகுப்பில் நடத்தத் தக்கது. ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்று கணினியில் நிலையாக இருக்கும். கடைப் பொறுப்பாளர் நாள்தோறும் முழுப் பட்டியலையும் எழுத வேண்டியதில்லை. இன்று கூடக் குறைய எது வேண்டுமோ அதைத் தொலைபேசியில் சொன்னால் போதும். மாறாததைத் திரும்பத் திரும்பப் பதிய வைக்காதே, மாறுவதை மட்டும் பிடி என்ற இந்த யோசனை எந்த இயந்திரத்திலிருந்தும் வந்ததில்லை. கடைகளின் நடப்பைக் கூர்ந்து கவனித்தவர்களுக்குத் தோன்றியது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. இருக்கிற நடைமுறையை அப்படியே கணினிக்குள் தள்ளிவிடுவது. நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் கடிந்தது. அவர் காட்டிய உதாரணம் ஃபோர்டு கார் நிறுவனம். சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் வட அமெரிக்காவில் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கணினியைப் புகுத்தி அதை நானூறாகக் குறைக்கலாம் என்று நினைத்தார்கள். அப்போது ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தில் அதே வேலையை ஐந்து பேர் செய்வது தெரியவந்தது. மாஸ்டா சிறிய நிறுவனம் என்று கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் போதவில்லை. ஃபோர்டு ஊழியர்களின் நேரமெல்லாம் போன இடம் வேறு. பர்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, விற்பவர் அனுப்பும் பில் மூன்றும் ஒத்துப்போகாதபோது எது தவறு என்று தேடுவதிலேயே அது கழிந்தது. பில் என்ற தாளையே ஃபோர்டு கைவிட்டது. ஆர்டர் கணினியில் இருக்கும். சரக்கு வந்து இறங்கும் இடத்திலேயே குமாஸ்தா ஒத்துப்பார்ப்பார். பொருந்தினால் பணம் போய்விடும். பதினான்கு விவரங்களை ஒப்பிட்ட இடத்தில் மூன்று போதுமானதாயிற்று. அந்தப் பிரிவின் ஆட்களில் நான்கில் மூன்று பங்கு குறைந்தது என்று ஹாமர் எழுதினார். வேலை இழந்தவர்கள் பக்கம் நின்று இந்தக் கதையை வேறு விதமாகவும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் தகவல் எங்கே பிறக்கிறதோ அங்கேயே சரிபார்க்க வேண்டும் என்ற பாடம் இரு பக்கத்துக்கும் பொதுவானது.

1987இல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ ஒரு புதிரை எழுப்பினார். கணினி எல்லா இடத்திலும் தெரிகிறது, உற்பத்தித் திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லையே என்பது அவர் கேள்வி. பொருளாதார வரலாற்றறிஞர் பால் டேவிட் 1990இல் மின்சாரத்தின் வரலாற்றை வைத்து ஒரு விடை தந்தார். தொழிற்சாலைகளுக்கு மின் மோட்டார் வந்தபோது நீராவி இயந்திரம் நின்ற இடத்தில் அதை வைத்தார்கள். நீண்ட சுழல்தண்டும் பட்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, கட்டடத்தையும் வேலை ஒழுங்கையும் மாற்றிய பிறகுதான், 1920களில், பலன் பெருகியது. நம் கடைகளில் கணினியில் போட்ட பில்லைச் சாயங்காலம் நீளநோட்டில் மறுபடி கையால் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பால் டேவிட்தான் நினைவுக்கு வருகிறார். எழுதுபவர் மேல் குற்றமில்லை. கணினியில் உள்ள எண்ணை நம்பலாம் என்ற நிலையை யாரும் அங்கே உண்டாக்கித் தரவில்லை.

அலுவலக மென்பொருளில் மிக அதிகமாகக் கற்பிக்கப்படுவது எக்செல். அதன் மூதாதை 1979இல் வந்த விசிகால்க். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளினுக்கு அந்த யோசனை பிறந்தது. கரும்பலகையில் ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்தது. அதைத் தானாகவே மாறச் செய்தால் என்ன என்று நினைத்தார். பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அதை ஆப்பிள் இரண்டு கணினிக்கு உருவாக்கினார். ஒரு மேலாளர் யாரையும் கேட்காமல், மேசையில் உட்கார்ந்தபடியே, 'விலையை ஐந்து ரூபாய் குறைத்தால்?' என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. வணிகத்துக்குக் கணினி தந்த பெரிய விடுதலை அது. பெரிய ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கணக்கு மென்பொருளில் பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால் பதிவு உள்ளேயே போகாது. எக்செல் அப்படித் தடுக்காது. எழுதியவர் தவறினால் தாள் மௌனமாக ஏற்றுக்கொள்ளும்.

2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா தொற்றுப் பட்டியலைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் திரட்டியது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. ஒருவருக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் கோப்பு விரைவில் நிரம்பியது. மீதிப் பெயர்கள் உதிர்ந்துபோயின. 15,841 தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி அதனால் தாமதித்தது. புதிய வடிவத்தில் பத்து லட்சத்துக்கு மேல் வரிசைகள் உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தாலும் அடிப்படைத் தவறு தீர்ந்திருக்காது. அனுப்பிய பெயர் எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். பழைய கணக்குப்பிள்ளை அதைச் செய்யாமல் பேரேட்டை மூடமாட்டார்.

இதே கருவியைக் கொண்டு ஒரு மாணவர் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பேராசிரியர்கள் 2010இல் எழுதிய ஆய்வு, அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி வீழ்கிறது என்று காட்டியது. உலகெங்கும் சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாகப் பேசியவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு எக்செல் கோப்பை வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதையும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையையும் சேர்த்துச் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 சதவீதம் என்று சொல்லப்பட்ட வளர்ச்சி 2.2 சதவீதமாக வந்தது. 2013இல் அது வெளியானது. நம் தேர்வுத் தாள்களில் 'சராசரி காணும் சூத்திரத்தை எழுதுக' என்ற கேள்வி வருகிறது. 'இந்தத் தாளில் சராசரி தவறு. எங்கே தவறு என்று கண்டுபிடி' என்ற கேள்வி வருவதில்லை.

இனி நம் கடைவீதிக்கு வருவோம். டாலி பிறந்ததே ஒரு வியாபாரியின் தேவையால். பெங்களூரில் ஆலைகளுக்கு உதிரிபாகமும் மூலப்பொருளும் விற்றுவந்த ஷ்யாம் சுந்தர் கோயங்கா தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986இல் நிறுவனம் தொடங்கியது. அக்காலத்துக் கணக்கு மென்பொருள்கள் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் குறியீட்டை நினைவில் வைக்கச் சொல்லின. டாலி பெயரை வைத்தே கணக்கைத் திறக்கவிட்டது. பேரேட்டில் பெயர் பார்த்துப் பழகிய நம் குமாஸ்தாக்களுக்கு அது உடனே கைவந்தது. பல்லாயிரம் கடைகளுக்குள் டாலி நுழைந்ததற்கு இந்த ஓர் அம்சம் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அதே அம்சத்தால் ஒரு தொல்லையும் உண்டு. பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். 'முருகன் ஸ்டோர்ஸ்', 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்', 'முருகன் ஸ்டோர்ஸ் திண்டுக்கல்' என்று ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று கணக்குகள் முளைக்கும். ஒன்றில் பாக்கி நிற்கும், இன்னொன்றில் பணம் வரவாகியிருக்கும். வாங்கியவர் கட்டிவிட்டேன் என்பார், கடைக்காரர் இல்லை என்பார். இருவரும் சொல்வது உண்மைதான். வகுப்பறையில் 'லெட்ஜர் உருவாக்குவது எப்படி' என்று கற்பிக்கிறோம். லெட்ஜரை உருவாக்கும் முன் ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதைக் கற்பிப்பதில்லை. தமிழ் எழுத்துருக்களிலும் இதே கதைதான். ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியீட்டு முறையில் எழுதிய பழைய கோப்புகளில் ஒரு பெயரைத் தேடி எடுக்க முடியாது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பிறகும் பழைய எழுத்துருவிலேயே கடிதம் அடிக்கும் அலுவலகங்கள் உண்டு. தாளில் அழகாக வந்தால் போதும் என்ற தட்டச்சுக்காலப் பழக்கம் அது.

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரு கடையின் கணக்கு அந்தக் கடையின் சொந்த விஷயமாக இருந்த காலம் முடிந்தது. இன்றைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் வணிகவியல் மாணவருக்கு இல்லை. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி சேலத்துக் கடைக்குத் துணி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் வாங்குபவரின் பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவருடைய பான் எண். கடைசி எழுத்து, மற்றவை சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பதற்கானது. மாதாந்திரக் கணக்கு கொடுப்பவரானால் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் இந்த பில்களை ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைப் படிவத்தில் ஏற்றுவார். 14ஆம் தேதி, சேலத்துக்காரருக்கு வரவேண்டிய வரி வரவெல்லாம் 2பி என்ற பட்டியலாகத் தானாக வந்துவிடும். அவர் 20ஆம் தேதிக்குள் 3பி என்ற படிவத்தைத் தாக்கல் செய்து வரி கட்டும்போது, அந்தப் பட்டியலில் உள்ள வரியைத்தான் கழித்துக்கொள்ளலாம். 2022 ஜனவரி முதல் சட்டம் அப்படி.

இப்போது ஈரோட்டுக் கடையில் பில் போடும் பெண், வேறொரு வாடிக்கையாளரின் எண்ணைத் தவறிப்போய்த் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று வையுங்கள். எண் தன்னளவில் சரியானது, ஆகவே எந்த மென்பொருளும் தடுக்காது. சேலத்துக்காரரின் பட்டியலில் அந்த பில் வராது. அவர் கொடுத்த வரியை மறுபடி கையிலிருந்து கட்டுவார், அல்லது ஈரோட்டுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். ஒரு மேசையில் நடந்த ஒரு சொடுக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் இன்னொரு மனிதரின் பணத்தை முடக்குகிறது. அந்தப் பெண்ணுக்கு இந்தச் சங்கிலி முழுவதும் தெரிந்திருந்தால் எண்ணை இன்னொரு முறை பார்த்திருப்பார். 'வரி விவரத்தை இந்தக் கட்டத்தில் நிரப்புக' என்று மட்டும் கற்றவர் எதற்காகப் பார்க்க வேண்டும்?

ஒரு பதிவு எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதைச் சட்டமும் உணரத் தொடங்கியிருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற சுவட்டை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

மென்பொருளைச் சந்தேகிக்கவும் கற்பிக்க வேண்டும். இந்தப் பாடம் எவ்வளவு அவசியம் என்பதைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் வரலாறு கொடூரமாகக் காட்டுகிறது. ஊர்தோறும் சிறு அஞ்சலகங்களை நடத்திய சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு அமைப்பு தரப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனம் அதை நடத்தியது. நாள் முடிவில் கணினி காட்டும் தொகை பெட்டியில் இல்லை. பத்து ரூபாய்ப் பிசகு இல்லை, ஆயிரக்கணக்கான பவுண்டு. ஒப்பந்தப்படி குறைவை அவர்களே ஈடுகட்ட வேண்டும். வீட்டை விற்றுக் கட்டினார்கள். உதவி கேட்டவர்களில் பலரிடம் 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது' என்று சொல்லப்பட்டது. 1999க்கும் 2015க்கும் இடையில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டர் ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: மென்பொருளில் பிழைகள் இருந்தன, அஞ்சலகக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து அவர் கணக்கை மாற்றவும் முடிந்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளில் பலவற்றை ரத்து செய்தது.

இதில் என்னை உலுக்குவது, அந்த அஞ்சலகக்காரர்கள் பலர் கையால் கணக்கு வைத்திருந்த காலத்தில் குறை வந்தால் தாள்தாளாகத் திருப்பிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் என்பது. கணினி அந்த வழியை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. விடையை மட்டும் காட்டியது, அது வந்த வழியைக் காட்டவில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்களும் கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்கின. ஒரு எண் எந்தப் பதிவுகளிலிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை ஊழியருக்கு வேண்டும். கேட்கத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

விசைகளைக் கற்பிப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாதவரை எந்த முதலாளியும் பில் போடும் மேசையில் உட்கார வைக்க மாட்டார். மூன்று மாதத்தில் வேலை வேண்டும் என்று வரும் பிள்ளைக்கு லயன்ஸ் வரலாறு சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. தேர்வு நடத்துபவருக்கும் மெனு வசதியானது; சரி, தவறு என்று உடனே மதிப்பெண் போடலாம். ஆனால் பில்லைப் படம் பிடித்துக் காட்டினால் தானே படித்துப் பதிந்துகொள்ளும் மென்பொருள்கள் வந்துவிட்டன. விசை அழுத்தும் வேலை குறைந்துகொண்டே போகும். பதிந்தது சரியா, இது செலவா முதலீடா, இந்த பில் இரண்டாம் தடவை வருகிறதா என்று பார்க்கும் வேலை மிஞ்சும். நாம் கற்பிப்பது முதலாவதை மட்டும் என்றால், வேலை குறையும் இடத்துக்கே பிள்ளைகளை அனுப்புகிறோம்.

வேலையோடு சேர்த்துக் கற்பிக்கும் வழி நமக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய காலத்தில் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். கணக்கு எழுதியபடியே வட்டிக்கடையின் போக்கைப் பார்த்தான், அடுத்தாளாக உயர்ந்தான், பிறகு மேலாளாகக் கடையையே ஏற்றான். சிட்டையில் எழுதியது பேரேட்டுக்கு ஏன் போகிறது, ஐந்தொகையில் அது என்னவாகிறது என்பதை அவன் கடையிலேயே கண்டான். இன்று ஆடிட்டர்களிடம் ஆர்ட்டிகிள் பயிற்சி பெறும் மாணவர்களிடம் அந்த மரபின் ஒரு கீற்று இருக்கிறது. பல கடைகளின் கணக்கை அவர்கள் பார்க்கிறார்கள்; ஒரே தவறு எத்தனை வேடத்தில் வரும் என்று தெரிந்துகொள்கிறார்கள். பெரிய படிப்புக்கு மட்டும் கிடைக்கும் அந்த வாய்ப்பு, மூன்று மாத டாலி வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இதற்குப் புதிய ஆய்வகம் வேண்டாம், கூடுதல் கணினி வேண்டாம். ஒரு சிறு கடையின் ஒரு மாத பில்கள், வாங்கிய ரசீதுகள், டெலிவரி சலான்கள், வங்கிக் கணக்குத் தாள் ஆகியவற்றைப் பெயர்களை மறைத்துப் படியெடுத்துக்கொண்டால் போதும். முதல் இரண்டு வாரம் கணினியைத் திறக்காமல் அவற்றைத் தாளிலேயே அடுக்கிப் பொருத்தச் சொல்லலாம். ஒரு சலானை வேண்டுமென்றே எடுத்து வைத்துவிட்டு, எது இல்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பிறகு டாலிக்கும் எக்செலுக்கும் போகலாம். அப்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

வணிகவியல் ஆசிரியர்களிடமும் சென்டர் நடத்துபவர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு சொல்: கட்டணம் எவ்வளவு, எத்தனை மென்பொருள் சொல்லித் தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், ஒரு கடையின் முழு மாதக் கணக்கை என் பிள்ளை கையில் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கொடுப்போம் என்று சொல்லும் இடத்தில் சேருங்கள்.